புதுப்பிப்பு: ஜப்பானில் விஸ்டீரியா, அசேலியா பார்க்க எங்கே போகலாம்?

ஏப்ரல் கடைசியில் டோக்கியோ பக்கம் இந்தப் பூக்களை (விஸ்டீரியா கொத்துக் கொத்தாகத் தொங்கும் கொடிப் பூ, அசேலியா புதர்ச்செடிப் பூ) எங்கே பார்க்கலாம் என்று கேட்டிருந்தேன். போய் வந்தாயிற்று. பலரும் சொன்ன, டோக்கியோவுக்கு வடக்கே உள்ள அஷிகாகா மலர்ப் பூங்காவுக்குத்தான் என் ஓட்டு. 160 வயதுக்கு மேலான விஸ்டீரியா, பந்தல் மட்டும் சுமார் 1,000 சதுர மீட்டர். இவ்வளவு பெரிய மரத்தை 1996-இல் வேறிடத்திலிருந்து பெயர்த்து வந்து நட்டார்களாம்! பூங்காவில் இளஞ்சிவப்பு, ஊதா, வெள்ளை, கடைசியில் மஞ்சள் என்று ஒவ்வொரு நிற மரமும் வரிசையாகப் பூக்கும் (மஞ்சள் உண்மையில் லேபர்னம் என்ற வேறு மரம், ஆனாலும் அழகுதான்). மாலையில் போய், விளக்கு போட்ட பிறகும் இருங்கள். பூவின் நிலையைப் பொறுத்து நுழைவுக் கட்டணம் மாறும்.

அப்புறம் அசேலியா. டோக்கியோவின் நெசு ஆலயத்தில் ஏறத்தாழ 100 வகை, 3,000 செடிகள். நான் போனபோது பாதி உதிர்ந்திருந்தது. ஏப்ரல் நடுவில் போங்கள். ஏப்ரல் 29-இல் தொடங்கும் விடுமுறை வாரத்தை மட்டும் தவிர்த்துவிடுங்கள், செம கூட்டம்.