பரப்பளவு மட்டும் தெரிந்தால் சுற்றளவு கிடைக்குமா?

வணக்கம். சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். மகள் தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டு படிக்கிறாள். பயிற்சி நூலில் ஒரு கணக்கு: செவ்வகத்தின் பரப்பளவு 36 சதுர சென்டிமீட்டர், சுற்றளவு என்ன? நீள அகலம் எதுவும் கொடுக்கவில்லை.

நேற்று ராத்திரி மைலோ பெட்டியை வெட்டி, ஒரு சென்டிமீட்டர் பக்கமுள்ள 36 சதுரத் துண்டுகள் செய்தோம். 9க்கு 4 என்று அடுக்கினால் சுற்றளவு 26 சென்டிமீட்டர். 12க்கு 3 வைத்தால் 30. நீளமாக ஒரே வரிசையில் வைத்தால் 74! பிள்ளை அசந்துபோய்விட்டாள். பின்பக்கத்தில் இருக்கும் விடையோ 24. அது 6க்கு 6, சதுரத்துக்கு மட்டும்தானே வரும்?

கேள்வியில் ஏதோ விடுபட்டிருக்கிறது என்றுதான் நினைக்கிறேன். சரிதானா? அப்புறம், அதே 36 துண்டுதானே, சுற்றளவு மட்டும் ஏன் மாறுகிறது என்று கேட்கிறாள். பத்து, பதினொரு வயதுப் பிள்ளைக்குப் புரியும்படி எப்படிச் சொல்வது? கணக்கு ஆசிரியர்கள் யாராவது இருந்தால் உதவுங்கள்.