குப்பையில் ரோபோ செய்த வகுப்புகள்: மனதை விட்டு நீங்காத ஒன்றைச் சொல்லுங்கள்

ஏழாம் வகுப்பு ஆசிரியை, திண்டுக்கல்
பழைய பிரின்டரிலிருந்து கழற்றிய ஸ்டெப்பர் மோட்டார், அதாவது சிறுசிறு படியாகச் சுற்றும் மோட்டார் அது. அட்டை வண்டிக்காக வைத்திருந்தோம். ஒரு மாணவி அதன் வயர்களில் சிவப்பு எல்இடியை முறுக்கிவிட்டு, பேட்டரி இல்லாமலேயே பல்சக்கரத்தை விரலால் சுற்றினாள். எல்இடி விட்டுவிட்டு மின்னியது. "மோட்டார் என்றால் கரண்டு கொடுத்தால் சுற்றும் என்றுதானே சொன்னீர்கள் டீச்சர்? இது சுற்றினால் கரண்டு தருகிறதே!" மறுநாள் கண்காட்சி. "முதலில் வண்டியை முடி" என்று சொல்லிவிட்டேன். கம்பிச்சுருளருகே காந்தம் நகர்ந்தால் மின்சாரம் பிறக்கும் என்று விஞ்ஞானி ஃபாரடே 1831இல் கண்டது அவள் விரல் நுனியில் இருந்தது. அதன்பிறகு அவள் கேள்வியே கேட்கவில்லை.

அறிவியல் ஆசிரியர், கடலூர்
எங்கள் பள்ளிப் பையன் ஒருவன் செய்த பாட்டில் ரோபோவுக்குப் போட்டியில் இரண்டாம் பரிசு. சிடி சக்கரம், தெர்மோகோல் தலை, நெற்றியில் 'குப்பையைக் குறைப்போம்'. திங்கட்கிழமை பள்ளிக்குப் பின்னால் குப்பை எரிந்துகொண்டிருந்தது. அதற்குள் அந்தத் தலை சுருங்கிக் கருகிக்கொண்டிருந்தது. பையன் பக்கத்தில் நின்றான். "பேட்டரியை மட்டும் எடுத்துவிட்டேன் சார்" என்றான். அந்தப் புகை இன்னும் என் தொண்டையில் இருக்கிறது. இந்தப் போட்டிகளையே நிறுத்த வேண்டும்.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், மதுரை
கடலூர் நண்பரே, நிறுத்துவது தீர்வாகாது. பிரேசிலின் சாவோ பாவ்லோவில் தெபோரா கரோஃபாலோ என்ற ஆசிரியை 2015இல் அரசுப் பள்ளியில் இந்தக் குப்பை ரோபோ வகுப்பைத் தொடங்கியபோது, பிள்ளைகளைத் தெருவுக்கு அழைத்துப்போய் அங்கே கிடந்த குப்பையைத்தான் சேகரிக்க வைத்தார். 2019இல் உலக ஆசிரியர் பரிசின் இறுதிப் பத்துப் பேரில் ஒருவரானார். நம் பிள்ளைகளோ ரோபோ செய்வதற்காகவே புதுப் பாட்டில் குளிர்பானம் வாங்குகிறார்கள். கோளாறு அங்கே இருக்கிறது.

என் அனுபவம் சிறியது. பழைய ஃபிலிம் கேமராவைப் பிரித்த மாணவனுக்கு ஃபிளாஷுக்கு மின்சாரத்தைச் சேமித்து வைக்கும் கெப்பாசிட்டர் கையை உதறவைத்தது. அதில் 300 வோல்ட் வரை தங்கியிருக்கும். ஆகவே எல்லோருக்கும் சொல்கிறேன்: கேமரா ஃபிளாஷ், மைக்ரோவேவ் அடுப்பு, பழைய பிக்சர் டியூப் டிவி, இவற்றைப் பிள்ளைகள் தொடவே கூடாது. உப்பிய செல்போன் பேட்டரியைக் குத்தாதீர்கள், தீப்பிடிக்கும். அடைபட்ட திரவத்தில் அழுத்தம் எல்லாப் பக்கமும் சமமாகப் பரவும் என்ற பாஸ்கல் விதியைக் காட்ட, சிரிஞ்சால் அசையும் ரோபோ கை செய்வதென்றால் ஊசியில்லாத புதுச் சிரிஞ்சு வாங்குங்கள். மருத்துவமனைக் கழிவில் மறுபயன்பாடு கிடையாது. வயர்களைப் பற்றவைக்கும் ஈயம் கலந்த சால்டரைத் தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும்.

பழைய இரும்புக் கடைக்காரர் மகள், ஈரோடு
ஐயா சொன்னது சரி. ஆனால் பொருள் எங்கே போகும் என்பதை யாரும் பேசவில்லையே. எங்கள் டீச்சர் வகுப்பையே அப்பா கடைக்கு அழைத்துவந்தார். நான் வெட்கத்தில் கடைசியில் நின்றேன். அப்பா ஒரு கம்பியில் காந்தத்தை வைத்தார், ஒட்டவில்லை. அரத்தால் ஓர் இழுப்பு இழுத்தார், சிவப்புத் தெரிந்தது. "செம்பு" என்றார். நாற்பது பேரும் ஓசையில்லாமல் பார்த்தார்கள்.

பிறகு ஒருவன் எங்கள் ரோபோவைத் தராசில் வைத்து, "இதற்கு எவ்வளவு தருவீர்கள்?" என்றான். அப்பா புரட்டிப் பார்த்தார். "எல்லாவற்றையும் பசை போட்டு ஒட்டிவிட்டீர்களே தம்பி. பிரிக்க முடியாததை யாரும் வாங்கமாட்டார்கள்." அடுத்த ரோபோவை ஸ்க்ரூவிலும் ரப்பர் பேண்டிலும் கட்டினோம்.

அறிவியல் ஆசிரியர், கடலூர்
தங்கையே, சிடி சக்கரத்தை மோட்டார் தண்டில் பசையில்லாமல் எப்படி நிறுத்துவது? சொன்னால் இந்த வாரமே அந்தப் பையனோடு உட்கார்ந்து செய்துபார்க்கிறேன்.