கடலூர்க் கோட்டையில் பார்க்க என்ன இருக்கிறது?

கோவைத்தம்பி: பொங்கல் லீவில் செஞ்சி பார்த்ததிலிருந்து அக்கா மகனுக்குக் கோட்டைப் பைத்தியம். அடுத்து கடலூர் செயின்ட் டேவிட் கோட்டைதான் என்று ஒரே பிடிவாதம். மேப்பில் தேவனாம்பட்டினம் காட்டுகிறது, மதில் எதையும் காணோமே. ஒரு நாள் ஒதுக்கி வரலாமா?

மஞ்சக்குப்பத்தான்: வாருங்கள். ஆனால் செஞ்சியை மனதில் வைத்துக்கொண்டு வராதீர்கள். 1758இல் பிரெஞ்சுத் தளபதி லாலி கோட்டையைப் பிடித்து இடித்துத் தள்ளிவிட்டார். கெடிலம் ஓரமாகக் கொஞ்சம் இடிபாடு மிச்சம், அவ்வளவுதான். பத்து வயதில் சைக்கிள் மிதித்துப் போய்ப் பார்த்து நானும் ஏமாந்தவன்.

பையனுக்குக் கதையைச் சொல்லுங்கள். 1690இல் மராட்டியரிடம் ஆங்கிலேயர் இந்தக் கோட்டையை வாங்கும்போது, பீரங்கிக் குண்டு போய் விழும் தூரம் வரை நிலமும் சேர்த்தி என்று பேச்சு. விடுவார்களா? சென்னையிலிருந்து பீரங்கி கொண்டுவந்து சுற்றிலும் சுட்டு எல்லை பிடித்தார்கள். குண்டு உப்பலவாடி என்ற பெயரில் முன்னால் நிற்கிற குண்டு அதுதான். என் அத்தையைக் கட்டிக்கொடுத்த ஊர். காரணம் தெரியும்வரை அங்கே எல்லாரும் குண்டாக இருப்பார்கள் என்றே நினைத்திருந்தேன்!

1746இல் சென்னை பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனதும், 1752 வரை ஆங்கிலேயருக்கு இங்கேதான் தலைமையிடம்.

ஓ.டி.காரி: கோட்டைக்கு அரைமணி போதும். பாடலீஸ்வரர் கோயிலுக்கு முதலில் போங்கள், மதியம் நடை சாத்திவிடுவார்கள். கல்லோடு கட்டிக் கடலில் போட்ட அப்பர் மிதந்து வந்து கரையேறிய தலம். வண்டிப்பாளையம் பக்கம் கரையேறவிட்டகுப்பம் என்றே ஊர் இருக்கிறது. இப்போது அங்கே கடலைத் தேடினால் கிடைக்காது, அது வேறு விஷயம்.

கோவைத்தம்பி: அப்புறம் பிச்சாவரம்? அதே நாளில் முடியுமா?

மஞ்சக்குப்பத்தான்: வேண்டாம். அது சிதம்பரம் தாண்டி, படகுக்கே ஒரு காலைப்பொழுது போய்விடும். சிதம்பரத்தில் தங்கி மறுநாள் போங்கள். தில்லை மரத்தை மட்டும் பையனைத் தொடவிடாதீர்கள், பால் கண்ணில் பட்டால் ஆபத்து. முதல் நாள் சாயங்காலம் சில்வர் பீச்சுக்கு விடுங்கள், குண்டு உப்பலவாடி பெயர்ப்பலகை முன்னால் ஒரு போட்டோவும் எடுத்துவிடுங்கள்.