அப்பாவின் விரல்களுக்காக ஓர் உதவி

குழு அன்பர்களுக்கு வணக்கம். பினாங்கு, ஆயர் ஈத்தாமில் வசிக்கும் என் தந்தை (வயது 71) சென்ற மாதம் குளியலறையில் வழுக்கி விழுந்தபோது, நெற்றி சுவரில் மோதிக் கழுத்து பின்னோக்கி மடங்கிவிட்டது. தாங்கிப் பிடித்தால் நடந்தார்; ஆனால் ஒரு குவளையைக்கூடப் பிடிக்க முடியவில்லை, விரல்கள் எரிகின்றன என்றார். பக்கவாதம் என்றே நாங்கள் அஞ்சினோம். முகம் கோணாமல், பேச்சுக் குழறாமல், கால்களைவிட இரு கைகளுமே அதிகம் தளர்ந்திருப்பதைக் கவனித்த மருத்துவர், கழுத்துத் தண்டுவடத்தின் மையப்பகுதியில் காயம் இருக்கலாம் என்று ஐயுற்றார். எம்ஆர்ஐ அதனை உறுதிசெய்தது. கழுத்தெலும்புத் தேய்மானம் உள்ள முதியவர்களுக்கு எலும்பு முறியாமலேயே இப்படி நேரலாம் என்று பிறகுதான் அறிந்தோம். கழுத்தை அசைக்காமல் அவசர உதவி எண்ணான 999-ஐ அழைத்திருக்க வேண்டிய நேரத்தில் அவரைத் தூக்கி உட்காரவைத்ததை நினைத்தால் இன்றும் நெஞ்சு பதறுகிறது.

இத்தகைய காயத்தில் பெரும்பாலும் கால்கள் முதலிலும் விரல்கள் கடைசியிலும் தேறுமாம். அப்பா இப்போது தனியே நடக்கிறார்; சட்டைப் பொத்தானைத்தான் போட முடியவில்லை, வெந்நீரின் சூடும் விரல்களுக்குச் சரியாகத் தெரிவதில்லை. தீவுப் பகுதியில் வீட்டுக்கே வந்து கைப்பயிற்சி அளிக்கும், தமிழ் பேசும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் எவரையேனும் அறிந்தவர்கள் தயவுசெய்து தெரிவியுங்கள். இதே காயத்திலிருந்து மீண்டவர்கள், விரல்கள் தேற எத்தனை மாதங்கள் ஆயின என்று எழுதினால், அதை அப்பாவுக்கு வாசித்துக் காட்டுவேன்.