பால்வாடில நடந்து இன்னும் மனசை விட்டுப் போகாத ஒரு விஷயம் சொல்லுங்க

அரூர் மருமக:
நானே ஆரம்பிக்கிறேன். பாப்பாவுக்கு மூணரை வயசு, வேன் வர்ற ஸ்கூல்ல எல்கேஜிக்கு பீஸ் கட்டியாச்சு, அதுவரைக்கும் வீட்ல எதுக்குன்னு மாமியார் தெருமுனை பால்வாடில விட்டாங்க. ஒருநாள் கூப்பிடப் போனா டீச்சர் தரையில பூவரச இலையா பரப்பி வச்சிருக்காங்க, பிள்ளைங்க ஒவ்வொரு இலைக்கும் அஞ்சஞ்சு புளியங்கொட்டை வைக்குதுங்க, இவ என்னைப் பார்த்தும் எந்திரிக்கல, "இரும்மா இன்னும் ரெண்டு பேருக்குப் பத்தல"ங்கறா. வீட்ல அம்பது வரைக்கும் கடகடன்னு ஒப்பிப்பா, ரெண்டு பிஸ்கட் எடுன்னா கை நிறைய அள்ளுவா, அந்தப் பிள்ளைதான் இது. கடைசி நாள் டீச்சர் வேற ஒன்னும் கேக்கல, "தட்டை எடுத்துட்டுப் போறியாம்மா, இல்ல இங்கயே இருக்கட்டுமா"ன்னாங்க. என்ன சொன்னேன்னே ஞாபகம் இல்ல.

சாக்பீஸ்தூள்:
ஒன்றிய ஸ்கூல்ல ஒன்னாம் வகுப்பு எடுக்கிறேன். ஜூன் முதல் வாரமே தெரிஞ்சிரும் எது பால்வாடிப் பிள்ளைன்னு, தட்டை அதுவே கழுவிக் கவுத்து வைக்கும், அடுத்தவன் முடிக்கிற வரைக்கும் உக்காந்திருக்கும். போன வருஷம் பிரைவேட்ல யூகேஜி முடிச்ச பையன் ஒருத்தன் வந்தான், ஏ டூ இசட் கண்ணை மூடிட்டு எழுதுவான். ஒருநாள் எந்திரிச்சு நின்னு அழறான், கேட்டா வாயே திறக்கல, டவுசர் நனைஞ்சிருச்சு. அப்புறம்தான் சொல்றான், ஒன்னுக்குப் போகணும்னு இங்கிலீஷ்ல கேக்கறது மறந்துபோச்சாம், தமிழ்ல கேட்டா பழைய மிஸ் விடமாட்டாங்களாம். 2022ல அரசோட எண்ணும் எழுத்தும் திட்டம் வந்ததுல இருந்து மூணாவது வரைக்கும் பாட்டு, அட்டை, விளையாட்டுன்னுதான் ஓடுது, இவன் எந்திரிச்சு ஆடவே தீபாவளி ஆயிருச்சு.

கரண்டி அக்கா:
மகளிர் குழு மூலமா ஸ்கூல்ல காலைச் சாப்பாடு செய்யறேன், 2023 ஆகஸ்ட்ல எல்லா அரசு தொடக்கப் பள்ளிக்கும் வந்துச்சுல்ல, அப்ப இருந்து. ஒன்னுல இருந்து அஞ்சு வரைக்கும்தான் கணக்கு. எங்க காம்பவுண்டுக்குள்ளயே பால்வாடியும் இருக்கு, அதுங்களுக்கு மதியச் சாப்பாடும் முட்டையும்தான். ஒரு புதன்கிழமை, அன்னிக்குச் சாப்பாடு பொங்கல், ரெண்டாவது படிக்கற பொண்ணு தட்டோட சுவத்துக்குப் பின்னாடி போறா, போய் பார்த்தா பால்வாடித் தம்பி குத்த வச்சு உக்காந்திருக்கான், இவ ஊதி ஊதி ஊட்டறா. என்னைப் பார்த்ததும் தட்டை மறைச்சுட்டு "எனக்குப் பசிக்கல அக்கா"ங்கறா. கரண்டியோட போனவ, இன்னும் ஒரு கரண்டி வச்சுட்டு வந்துட்டேன். இதை எங்கயும் சொல்லிராதீங்க.

ஓப்பனா பேசறவன்:
முதல்ல எழுதின சகோதரி, உங்க ஊர் டீச்சர் நல்லவங்க, அதுக்காக பால்வாடின்னாலே சொர்க்கம்ங்கற மாதிரி எழுதாதீங்க. எங்க தெருவுல பாதி நாள் பூட்டு. என் பொண்ணு பூட்டைத் தொட்டுப் பார்த்துட்டு "டீச்சர் உள்ள தூங்கறாங்களாப்பா"ன்னு கேட்டா. சரி அது கெடக்கட்டும், பிரைவேட்தான்னு முடிவு பண்ணிட்டா பீஸ் எதுக்குக் கட்டறீங்க, ஆர்டிஈ, அதான் கல்வி உரிமைச் சட்டம், அதுல பிரைவேட் ஸ்கூல்ல 25 சதவீதம் இலவச சீட் எல்கேஜிலயே உண்டு, ஸ்கூல்ல இருந்து ஒரு கிலோமீட்டருக்குள்ள வீடு இருக்கணும், நலிவடைந்த பிரிவுல கேட்டா வருமானம் ரெண்டு லட்சத்துக்குள்ள, ஜூலை 31க்குள்ள மூணு வயசு முடிஞ்சிருக்கணும், சர்டிபிகேட் எல்லாம் முன்னாடியே எடுத்து வைங்க, கடைசி நேரத்துல சர்வர் படுத்துரும். அப்புறம் வீட்ல எழுதச் சொல்லி உக்கார வைக்காதீங்க, அந்த வயசுல மணிக்கட்டு எலும்பே முழுசா வளர்ந்திருக்காது, பச்சைப்பயறு, கொண்டக்கடலை, பட்டாணி மூணையும் கலந்து குடுத்துப் பிரிக்கச் சொல்லுங்க, சப்பாத்தி மாவை உருட்ட விடுங்க, ராத்திரி போனைத் தூக்கி அலமாரில வச்சுட்டுக் கதை சொல்லுங்க, நீங்க மட்டும் சொல்லாம நடுவுல நிறுத்தி அடுத்து என்ன ஆச்சுன்னு அவளையே கேளுங்க.

மையம் நம்பர் கேக்காதீங்க:
பூட்டு பத்திப் பேசின தம்பிக்கு. எனக்கு ரெண்டு பால்வாடி மையம், பக்கத்து ஊர்ல ஆள் போடல, நான்தான் இன்சார்ஜ், இங்க திறந்தா அங்க பூட்டு. அது போக வோட்டர் லிஸ்ட், எடை, தடுப்பூசி. இப்ப சத்துமாவு வாங்க வர்ற அம்மாக்களை போஷன் டிராக்கர்னு மத்திய அரசு ஆப்ல முகம் பிடிக்கணும், கண்ணைச் சிமிட்டினாத்தான் எடுத்துக்கும், நெட் கிடைக்காது, வாசல்ல வெயில்ல நின்னு "இன்னொருக்கா சிமிட்டும்மா"ன்னு கெஞ்சிட்டு இருக்கேன், அந்தம்மா இடுப்புல கைக்குழந்தை வீல்னு கத்துது. உள்ள என்ன பண்ணுதுங்கன்னு எட்டிப் பார்த்தா எல்லாம் வரிசையா நிக்குதுங்க, ஒன்னு மரக்கட்டையைப் போனா பிடிச்சுக்கிட்டு ஒவ்வொரு மூஞ்சிக்கும் நேரா நீட்டி "சிமிட்டு, வரல, திரும்பச் சிமிட்டு"ங்குது. என்னடா பண்றீங்கன்னேன். டீச்சர் விளையாட்டாம்.

கரூர் சித்தி:
பட்டாணி கலந்து குடுக்கச் சொன்ன அண்ணா, எங்க அக்கா பையன் அதுல ஒன்னை மூக்குல ஏத்திக்கிட்டு ஈஎன்டி டாக்டர்கிட்ட தூக்கிட்டு ஓடினோம்.

ஓப்பனா பேசறவன்:
பக்கத்துல உக்காந்து பாத்துக்கணும்ங்க, இதையும் தனியா சொல்லணுமா?