உட்பொதியா, பதியமா? இசைச் செய்திப் பக்கங்களுக்குச் சில சொற்கள்

மடல் 1

அன்பு நண்பர்களுக்கு வணக்கம்.

இணைய இசைச் செய்திகளுக்கான நம் சொற்பட்டியலில் ‘பல்லூடகம்’ (மல்டிமீடியா), ‘தொடுப்பு’ (லிங்க்) இரண்டும் எதிர்ப்பின்றி நிலைத்துவிட்டன. வேறொரு தளத்தின் பாட்டையோ காணொளியையோ நம் பக்கத்திலேயே தெரியச் செய்யும் ‘எம்பெட்’ என்பதற்கு மட்டும் உட்பொதி, உள்ளிடு, பொதிவு என்று மூன்று சொற்கள் முன்வைக்கப்பட்டிருக்கின்றன. மூன்றில் ஒன்றைக்கூட என்னால் ஏற்க முடியவில்லை. காரணத்தை விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

புதுப் பாடல் ஒன்று வெளியானதைப் பற்றிய செய்தியை எடுத்துக்கொள்வோம். தலைப்பு, நான்கைந்து பத்திகள், நடுவே ஒரு யூடியூப் கட்டம், அடியில் ஒரு ஸ்பாட்டிஃபை கட்டம். பாட்டு அந்தப் பக்கத்திலேயே இருப்பதாகக் கண்ணுக்குத் தெரிகிறது. ஆனால் பக்கத்தின் நிரலில் இருப்பது ஒரு முகவரி மட்டும்தான். பக்கம் திறக்கும்போது உலாவி அந்த முகவரிக்குப் போய், வேறொரு நிறுவனத்தின் வழங்கியிலிருந்து (சர்வர்) பாட்டை ஒலிக்கச் செய்யும் இயக்கியைக் (பிளேயர்) கொண்டுவந்து கட்டத்துக்குள் காட்டுகிறது. செய்தித் தளத்தின் வழங்கியில் அந்தப் பாட்டின் ஒரு நொடிகூடக் கிடையாது. பாட்டுக்கு உரியவர் அதை நீக்கினாலோ, பிற தளங்களில் காட்டுவதற்கான அனுமதியை நிறுத்தினாலோ, சில நாடுகளுக்கு மட்டும் என்று வரம்பு கட்டினாலோ கட்டம் வெறுமையாகிவிடும். நான்கைந்து பத்தியும் ‘கீழே கேளுங்கள்’ என்று சொல்லிக்கொண்டு நிற்கும். கீழே ஒன்றும் இருக்காது.

பொதிதல் என்றால் உள்ளே வைத்து மூடுதல். பொதிந்த பொருள் பொதிந்தவரின் வசம் இருக்கிறது. ஆகவே ‘பாடலை உட்பொதித்திருக்கிறோம்’ என்று எழுதும் ஆசிரியர் குழு, பாடல் தன் காப்பகத்தில் பத்திரமாக இருப்பதாக நம்பத் தொடங்குகிறது. வாசகரும் அப்படியே நம்புகிறார். பொருளைத் தலைகீழாகச் சொல்லும் ஒரு சொல், அதைப் பயன்படுத்துபவர்களைத் தவறான முடிவுகளுக்கு இழுத்துப்போகிறது. என் எதிர்ப்பு முழுவதும் இதுதான்.

இந்த நம்பிக்கை எத்தனை முறை பொய்த்திருக்கிறது என்று பாருங்கள். மைஸ்பேஸ் என்ற சமூக வலைத்தளத்தில் 2003 முதல் 2015 வரை ஏற்றப்பட்ட இசைக் கோப்புகள் வழங்கி மாற்றத்தின்போது அழிந்துபோயின என்பது 2019 மார்ச்சில் வெளியே தெரிந்தது. சுமார் 1.4 கோடி கலைஞர்களின் 5 கோடிப் பாடல்கள் போயின என்று அப்போது செய்திகள் வந்தன. அந்தப் பாடல்களை நம்பி எழுதப்பட்ட விமர்சனங்கள் வேறு தளங்களில் இன்றும் கிடக்கலாம். பாட்டு இல்லாத விமர்சனத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அடுத்து ஃபிளாஷ். இணையத்தின் பழைய இசை இயக்கிகளில் பெரும்பகுதி அந்த நுட்பத்தில்தான் ஓடியது. அதற்கு உரிய நிறுவனமான அடோபி 2020 டிசம்பர் 31-ஆம் தேதியோடு அதற்கான ஆதரவை நிறுத்தியது. 2021 ஜனவரி 12 முதல் ஃபிளாஷ் உள்ளடக்கம் இயங்காதபடியும் செய்தது. மூலக்கோப்பு எங்கோ நலமாக இருந்தாலும், செய்திப் பக்கத்தின் கட்டம் செத்துவிட்டது.

நான் முன்வைக்கும் சொல் ‘பதியம்’.

தோட்டக்கலையில் தாய்ச்செடியின் கிளையை வெட்டாமல் வளைத்து மண்ணில் பதித்து வைப்பதற்குப் பதியம் போடுதல் என்று பெயர். கிளை வேறிடத்தில் தலைகாட்டுகிறது. உயிரோட்டம் தாய்ச்செடியிலிருந்து வருகிறது. இடையில் கிளையை வெட்டினால் பதியம் பட்டுப்போகும். செய்திப் பக்கத்தில் தெரியும் இயக்கிக்கும் இதே நிலைதான். சொல்லைக் கேட்டவுடனேயே ‘தாய் எங்கே?’ என்ற கேள்வி மனத்தில் எழுகிறது. அந்தக் கேள்வி எழ வேண்டும் என்பதற்காகத்தான் இவ்வளவு எழுதுகிறேன்.

வினையாகப் பதியமிடு, பெயரெச்சமாகப் பதியமிட்ட காணொளி. இயங்காமல் போனால் ‘பதியம் பட்டுவிட்டது’ எனலாம். தொடுப்பு அறுந்தது, பதியம் பட்டது என்று இரண்டு கேடுகளுக்கும் தனித்தனி வினை கிடைத்துவிடுகிறது. ‘இணைப்பு வேலை செய்யவில்லை’ என்று இரண்டுக்கும் பொதுவாக எழுதும் வழக்கம் இனித் தேவைப்படாது.

தொடுப்புக்கும் பதியத்துக்கும் இன்னொரு வேறுபாடு உண்டு. வாசகரின் நலன் சார்ந்தது. தொடுப்பு, சொடுக்கும்வரை சும்மா இருக்கும். பதியமோ பெரும்பாலும் பக்கம் திறந்த உடனேயே தாய்த்தளத்தோடு பேசத் தொடங்கிவிடுகிறது. நீங்கள் பாட்டைக் கேட்காவிட்டாலும், இந்தப் பக்கத்துக்கு வந்தீர்கள் என்ற செய்தி அங்கே போய்ச் சேரலாம். யூடியூப் பதியங்களுக்கென்று, வாசகரை அடையாளம் காண உலாவியில் வைக்கப்படும் சிறு கோப்புகளான குக்கிகளைக் கட்டுப்படுத்தும் தனி முகவரியை அந்நிறுவனமே வைத்திருப்பது இதனால்தான். இரண்டையும் ‘இணைப்பு’ என்ற ஒரே சொல்லால் அழைத்தால் இந்த வேறுபாட்டை வாசகருக்கு விளக்கவே முடியாது.

உங்கள் மறுப்புகளைத் தயங்காமல் எழுதுங்கள்.

மடல் 2

வணக்கம் அம்மா. நிரலாளன் என்ற முறையில் மூன்று மறுப்புகளைச் சொல்கிறேன்.

முதலாவது, ‘உட்பொதி’ பல மென்பொருள்களின் தமிழ் இடைமுகங்களில் ஏற்கெனவே ஏறிவிட்டது. பொத்தானில் ஒரு சொல்லும் செய்தியில் வேறொரு சொல்லும் இருந்தால் பயனர் குழம்புவார்.

இரண்டாவது, ‘பதி’ என்ற அடி ஏற்கெனவே தாங்க முடியாத சுமையோடு இருக்கிறது. பதிவு, ஒலிப்பதிவு, பதிவேற்றம், பதிவிறக்கம், பதிப்பு, பதிப்புரிமை. இசைச் செய்தியில் இவை எல்லாமே ஒரே பத்தியில் வரக்கூடியவை. ‘ஒலிப்பதிவைப் பதிவேற்றிய பின் பதியமிட்டார்கள்’ என்ற வாக்கியத்தை ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள்.

மூன்றாவது, பதியத்தில் வேர் பிடித்த பிறகு கிளையைத் தாய்ச்செடியிலிருந்து வெட்டிவிடுவார்கள். அதன்பின் அது தனிச் செடி. நம் இயக்கிக்கு வேரே பிடிப்பதில்லையே!

மடல் 3

அனைவருக்கும் வணக்கம். எம்பெட் பற்றி எனக்குத் திடமான கருத்து இல்லை. ஒலிப்பொறியாளனான எனக்குப் பட்டியலில் உறுத்துவது வேறொன்று. வாசகர் எழுதுவதற்குப் ‘பின்னூட்டம்’ என்று போட்டிருக்கிறீர்கள். தமிழ் வலைப்பதிவுகள் தொடங்கிய காலம் முதல் புழங்கும் சொல் என்பது தெரியும். ஆனால் எங்கள் துறையில் பின்னூட்டம் என்பது, ஒலிபெருக்கியில் வெளிவரும் ஒலி மீண்டும் ஒலிவாங்கியில் புகுந்து, பெருகிப் பெருகி ஊளையாகக் கிளம்புவது. மேடையில் நாங்கள் அஞ்சுவது அதைத்தான். ஜிமி ஹென்ட்ரிக்ஸ் போன்றவர்கள் கிட்டாரில் அதையே இசையாக்கினார்கள். ‘இந்த நிகழ்ச்சியில் பின்னூட்டம் அதிகம்’ என்று ஓர் இசைத் தளத்தில் எழுதினால் என்ன பொருள்? வாசகர்கள் நிறைய எழுதினார்களா, ஒலியமைப்பு கெட்டுவிட்டதா? மற்றத் துறைகளில் இந்த மோதல் வராது. இசையில் வந்தே தீரும்.

இன்னொரு கேள்வியும் இருக்கிறது. கலைஞர்கள் தங்கள் பாடல்களை ஏற்றும் சவுண்ட்கிளவுட் தளத்தில் வாசகர் எழுதுவது பக்கத்தின் அடியில் நிற்பதில்லை. பாட்டின் அலைவடிவத்தில், எந்த நொடியைப் பற்றி எழுதினாரோ அந்த நொடியிலேயே ஒட்டிக்கொள்கிறது. இதையும் சாதாரணக் கருத்தையும் ஒரே பெயரால் அழைப்பது சரியா?

மடல் 4

நண்பர்களுக்கு மீண்டும் வணக்கம்.

நிரலாளர் தம்பியின் மூன்றாவது மறுப்பு எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது, ஏனென்றால் அது சொல்லுக்கு வலுச் சேர்க்கிறது. வேர் பிடித்தல் என்பதற்கும் இங்கே ஈடு உண்டு. உரிய உரிமம் பெற்று, கோப்பைத் தன் வழங்கியிலேயே வைத்து, இணையப் பக்கங்களை எழுதும் மொழியான எச்டிஎம்எல் 5 தரும் ஒலிக்கூறின் வழியே தானே ஒலிக்கச் செய்யும் தளங்கள் இருக்கின்றன. அங்கே தாய்த்தளம் மூடப்பட்டாலும் பாட்டு பிழைக்கும். அதை ‘வேர்பிடித்த பதியம்’ எனலாம். சுருக்கமாகத் ‘தன்வைப்பு’ என்றும் வைத்துக்கொள்ளலாம். காப்பகம் பேணுபவர் தன் பழைய செய்திகளைப் பார்த்து, இவற்றில் வேர்பிடித்தவை எத்தனை என்று கேட்க முடியும். உட்பொதி என்ற சொல்லை வைத்துக்கொண்டு அந்தக் கேள்வியைக் கேட்கவே வழியில்லை.

இரண்டாவது மறுப்பில் நியாயம் உண்டு. அவர் காட்டிய வாக்கியம் காதுக்கு இடிக்கிறது. ஆனால் பதிவு என்ற சொல்லும் ஏற்கெனவே ஐந்தாறு வேலை பார்க்கிறது. இடம் பார்த்துத்தான் பொருள் கொள்கிறோம். பதியம் அப்படியில்லை. மகர ஈற்றோடு தனித்து ஒலிக்கிறது, கணினித் துறையில் வேறு பொருளுக்கு அமர்த்தப்படவும் இல்லை. இடைமுகங்களில் ‘உட்பொதி’ இருப்பதை எதிர்த்துப் போராட வேண்டாம். பொத்தானில் அது இருக்கட்டும். செய்தி எழுதுபவரின் நடையில் பதியம் வரட்டும். புழக்கத்தில் எது வெல்கிறது என்று பார்க்கலாம்.

ஒலிப்பொறியாளர் ஐயா சொன்னது இந்த இழையிலேயே முக்கியமானது. பின்னூட்டத்தை ஒலியியலுக்கே விட்டுவிட்டு, வாசகர் எழுதுவதற்கு ‘மறுமொழி’ என்று வைத்துக்கொள்வோம். ‘கருத்து’ என்பது பொதுச்சொல். எழுதியவரின் கருத்தா, வாசகரின் கருத்தா என்ற ஐயம் வரும். மறுமொழியில் அந்த ஐயமே இல்லை. முன்னால் ஒருவர் மொழிந்தார், இவர் மறுத்தோ ஏற்றோ பதில் மொழிகிறார்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். பல செய்தித் தளங்களில் மறுமொழிப் பகுதியே ஒரு பதியம்தான். டிஸ்கஸ் போன்ற வெளி நிறுவனங்கள் நடத்தும் பகுதியைப் பக்கத்தின் அடியில் காட்டுகிறார்கள். வாசகர் எழுதியவை அந்த நிறுவனத்தின் வழங்கியில் சேர்கின்றன. தளம் அந்தச் சேவையை விட்டு விலகும்போது, ஆண்டுக்கணக்கில் சேர்ந்த மறுமொழிகள் ஒரே நாளில் காணாமல் போக வாய்ப்புண்டு. இசைச் செய்தியில் மறுமொழிகள் வெறும் அரட்டை என்று ஒதுக்குபவர்களோடு எனக்குக் கடும் கருத்து வேறுபாடு உண்டு. ஒலிப்பதிவில் வாசித்தவர் யார் என்பதைத் திருத்துவது, தவறான ஆண்டைச் சுட்டுவது, அந்த நிகழ்ச்சியில் நேரில் இருந்தவர் முதலில் எந்தப் பாட்டு இசைக்கப்பட்டது என்று சொல்வது, எல்லாம் அங்கேதான் நடக்கின்றன. செய்தியைவிட அதன் அடியில் இருப்பது துல்லியமாக அமைந்த பக்கங்களும் உண்டு. அமெரிக்கப் பொது வானொலியான என்பிஆர் 2016 ஆகஸ்டில் தன் தளத்தின் மறுமொழிப் பகுதியை மூடி, உரையாடலைச் சமூக ஊடகங்களுக்கு அனுப்பியது. மறுமொழிகளைப் படித்து, தகாதவற்றை நீக்கி மட்டுறுத்தும் சுமை பெரிது என்பது எனக்குப் புரிகிறது. ஆனால் செய்திக்கும் திருத்தத்துக்கும் நடுவே தூரம் கூடிவிட்டால், பிறகு வந்து படிப்பவர் பிழையை மட்டுமே படித்துப் போவார்.

தொடுப்புகளைப் பற்றி நாம் இன்னும் பேசவில்லை. ‘தொடுப்பு’ என்று மட்டும் பட்டியலில் போட்டால் போதாது என்று நினைக்கிறேன். இசைச் செய்தியில் ஒரு கலைஞரின் பெயர் நீல நிறத்தில் தெரிகிறது. அவரது தளத்துக்குப் போகும் என்று நினைத்துச் சொடுக்குகிறோம்; அதே செய்தித் தளம் அவரைப் பற்றி எழுதிய பழைய செய்திகளின் வரிசை திறக்கிறது. இது ‘தன்பக்கத் தொடுப்பு’. செய்தி உண்மையில் எங்கிருந்து வந்ததோ, அந்த நேர்காணலுக்கோ அறிக்கைக்கோ அழைத்துப்போவது ‘மூலத் தொடுப்பு’. டிக்கெட்டோ இசைத்தட்டோ வாங்கும் இடத்துக்கு அனுப்பி, விற்றால் தளத்துக்குப் பங்கு தருவது ‘தரகுத் தொடுப்பு’. தரகு என்ற சொல்லை வேண்டுமென்றேதான் தேர்ந்தெடுத்திருக்கிறேன். ‘துணைத் தொடுப்பு’ என்று மொழிபெயர்த்துப் பணம் கைமாறுவதை மறைப்பது முறையாகாது. அமெரிக்காவில் இத்தகைய வருவாய்த் தொடர்பை வாசகருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது அந்நாட்டுக் கூட்டாட்சி வணிக ஆணையம். தேடுபொறிகளுக்காகக்கூட இந்த வேறுபாடு குறிக்கப்படுகிறது: பணம் பெற்று இடும் தொடுப்புக்கு ஒரு குறி, வாசகர் மறுமொழியில் இடும் தொடுப்புக்கு இன்னொரு குறி என்று கூகுள் 2019 செப்டம்பரில் அறிவித்தது. இயந்திரத்துக்குத் தனித்தனியாகச் சொல்வதை மனிதருக்குச் சொல்ல நமக்குச் சொல் வேண்டாமா?

மூலத் தொடுப்பு ஏன் இவ்வளவு இன்றியமையாதது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு போதும். எம்டிவி நியூஸ் தளத்தில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகச் சேர்ந்த இசைச் செய்திகள் 2024 ஜூனில் இணையத்திலிருந்து எடுக்கப்பட்டன. அவற்றை மூலமாகக் காட்டிய பக்கங்களின் தொடுப்புகள் அறுந்தன. முழு முகவரியைச் சரியாகக் கொடுத்திருந்தவர்களின் வாசகர்கள், அந்த முகவரியை இணைய ஆவணக் காப்பகத்தில் இட்டு பழைய படியைத் தேடிப் பார்க்க முடிந்தது. ‘ஒரு நேர்காணலில் கூறினார்’ என்று மட்டும் எழுதி நிறுத்தியவர்களின் வாசகர்களுக்கு அந்த வழியும் இல்லை.

கடைசியாக, ஐயா கேட்ட சவுண்ட்கிளவுட் கேள்வி. அலைவடிவத்தின் ஒரு நொடியில் ஒட்டிக்கொள்வதற்கு ‘இடைமொழி’ என்று பெயரிடலாமா? பாட்டு முடிந்தபின் வருவது மறுமொழி. பாட்டின் இடையே நிற்பது இடைமொழி. சப்பானின் நிகோநிகோ தளத்தில் 2006 முதல் காணொளியின் மேலேயே வாசகரின் எழுத்துகள் ஓடுகின்றன. அவற்றுக்கும் இதே சொல் போதும் என்பது என் எண்ணம். திரையில் எழுத்து எங்கே தெரிகிறது என்பதைப் பார்க்க வேண்டாம். ஒரு காலப்புள்ளியோடு கட்டப்பட்டிருக்கிறதா என்பதை மட்டும் அளவுகோலாகக் கொள்ளலாம். ஒலிப்பொறியாளர் ஐயா இதை ஒப்புக்கொண்டால் பட்டியலில் சேர்த்துவிடுகிறேன். ‘இடைமொழி’ வேறு துறையில் ஏற்கெனவே புழங்குவது யாருக்காவது தெரிந்தால், அதற்கு முன்பே எழுதுங்கள்.