புதுப்பிப்பு: எழுதுவதெல்லாம் வேறு யாரோ எழுதினது மாதிரி இருக்கு என்று கேட்டிருந்தேனே

பதில் போட்ட எல்லாருக்கும் நன்றி. எந்தக் கவிதை எழுதினாலும் மௌனம், சிறகு, நிலவு என்றே வருகிறது என்று புலம்பியிருந்தேன்.

பிடித்த கவிஞரை ஒரு மாதம் படிக்காதே என்ற யோசனை பலிக்கவில்லை. அவர் வரிகள் மனப்பாடம், என்ன செய்ய!

கைகொடுத்தது, எழுதியதை வாசித்துப் போனில் பதிவு செய்து கேட்கச் சொன்னதுதான். 'அந்தி சாய்ந்த வேளையில்' என்று என் குரலிலேயே கேட்டதும் கூச்சமாகிவிட்டது. கோவில்பட்டிப் பக்கம் யார் அப்படிப் பேசுகிறார்கள்? 'பொழுதடையிற நேரம்' என்று மாற்றினேன். அடுத்த வரி தானாக வந்தது.

எதிர்பாராதது: 24 வரிக் கவிதை 9 வரியாகச் சுருங்கியது. பதிவைக் கேட்ட அம்மா, "யாரைடா திட்டுற?" என்றாள்.

வெண்பாவில் மட்டும் இன்னும் தளை தட்டுகிறது, அதாவது சீருக்குச் சீர் சேரும் இலக்கணக் கட்டு பிசகுகிறது.